சம்பள நாளுக்கும் கடன் கொப்பிக்கும் நடுவே: ஊவாத் தோட்டங்களில் சிறு பக்கட்

ஒரு தடவைக்கோ ஒரு நாளைக்கோ போதுமான பொருளை முன்கூட்டியே அளந்து, மெல்லிய உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி, கண்ணைப் பறிக்கும் அச்சோடு கடைக்கு அனுப்புவதே சிறு பக்கட் முறை. ஷம்பு, சலவைத்தூள், பற்பசை, மிளகாய்த்தூள், பால்மா, சோயா மீற், சூப் கட்டி, பிஸ்கட், முறுக்கு என ஊவா மாகாணத்துத் தோட்டக் கடைகளில் விற்கும் சாமான்களில் பல இன்று இந்த வடிவில்தான் வருகின்றன. பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து லயங்களை அடுத்துள்ள கடைகளில் தட்டுகளுக்குச் சமமாக வாசற்கம்பியும் சரக்கைத் தாங்குகிறது. ஒன்றோடொன்று ஒட்டிய பக்கட்டுகள் அங்கே சரஞ்சரமாகத் தொங்கும். வேண்டியதைக் கடைக்காரர் துளைக்கோட்டில் கிழித்துக் கொடுப்பார்.

இம்முறையைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நிலவுகின்றன. ஏழைக்கும் எட்டும் விலையில் நல்ல பொருளைக் கொண்டுவந்தது என்று வணிகவியலார் போற்றுகிறார்கள். மண்ணையும் நீரையும் நாசமாக்கியது என்று சுற்றாடல் ஆர்வலர்கள் கண்டிக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது நகரத்தை. தோட்டத்தில் சம்பளம் வருகிற விதமும் குப்பை போகிற விதமும் வேறு. ஆகவே அதே பக்கட் அங்கே வேறொரு வேலையைச் செய்கிறது, வேறொரு கேட்டையும் செய்கிறது.

பொதியிட்ட சில்லறை விற்பனையின் வரலாற்றில் ஊவாவுக்கு ஓர் இடம் உண்டு. கிளாஸ்கோவில் 1871இல் மளிகைக் கடை தொடங்கிய தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து, அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அக்காலத்து பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. எடை குறைவதும் கலப்படமும் பழைய தூளைப் புதியதோடு சேர்ப்பதும் வாடிக்கையாளருக்குப் பழகிப்போன தொல்லைகள். லிப்டன் தேயிலையை ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பக்கட்டுகளில் அடைத்து, எடையையும் பெயரையும் பளிச்சென்று அச்சிட்டு, தொழிலாளர் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றார். ஊவாக் கொழுந்து கடல் கடந்து சிறு பொதியாக விற்கப்பட்டபோது, அதைப் பறித்தவர்கள் தங்கள் அரிசியையும் மாவையும் தோட்ட நிர்வாகத்திடமோ கங்காணியிடமோ பெற்று, சம்பளத்தில் கழித்துக்கொண்டிருந்தார்கள். அளவுக்கும் விலைக்கும் கொடுப்பவர் சொல்லே கணக்கு.

தோட்டத்தில் சிறு பக்கட்டின் நன்மையை எடைபோட இந்தப் பின்னணி அவசியம். சில்லறையாகச் சாமான் வாங்கும் வழக்கம் லயத்துக்குப் புதிதல்ல. நீட்டுச் சவர்க்காரத்தைத் துண்டு வெட்டியும், தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்த போத்தலில் அளந்தும், சீனியையும் கொத்தமல்லியையும் காகிதச் சரையில் மடித்தும் தோட்டக் கடை நெடுங்காலம் விற்றுவந்தது. குறைந்த காசுக்குக் குறைந்த அளவு என்ற தேவை பக்கட்டுக்கு முன்பே இருந்தது. பக்கட் மாற்றியது அளவிடும் கையை மட்டுமே. தராசு கடைக்காரரிடமிருந்து தொழிற்சாலைக்குப் போனது.

இன்று நாம் காணும் வடிவம் தமிழ்நாட்டுக் கடலூரில் பிறந்ததென்றே சொல்லலாம். அவ்வூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பெரிய டின்களில் விற்ற டால்கம் பவுடரையும் மருந்துக்கடை எப்சம் உப்பையும் சிறு பொதிகளாக்கி விற்றவர். கூலி வேலை செய்பவரும் வாங்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம். அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷம்பு சிறு உறைகளில் இந்தியச் சந்தைக்கு வந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபா முதலோடு தனியே தொடங்கிய சிக் ஷம்பு, பின்னர் கவின்கேர் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. வெற்று உறைகள் ஐந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு புதிய பக்கட் இலவசம் என்ற திட்டமும் அந்நிறுவனத்தின் ஆரம்ப வளர்ச்சியில் பங்கு வகித்தது. அது விற்பனையைக் கூட்டும் உத்தியாகவே செய்யப்பட்டது. ஆனாலும் பயன்படுத்திய உறையைக் கடை வழியாகவே திரும்பப் பெற முடியும் என்பதை அது பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. இந்த அனுபவத்தைப் பின்வந்தோர் மறந்துபோனது பெரிய இழப்பு.

ஒரு ஷம்பு பக்கட்டைக் கிட்டவைத்துப் பார்த்தால் அதன் திறமையும் குறையும் ஒரே இடத்தில் தெரியும். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. வெளிப்பக்கம் அச்சை ஏற்கும் பொலியெஸ்டர் படலம். நடுவே வெளிச்சத்தையும் ஈரத்தையும் தடுக்கும் அலுமினியம் அல்லது அலுமினியப் பூச்சு. உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பொலித்தீன். நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு மூலையில் கிழிப்பதற்குச் சிறு வெட்டு. மூன்று பொருளும் சேர்ந்தே பண்டத்தைக் காக்கின்றன. சேர்ந்திருப்பதாலேயே பிரித்தெடுக்கவும் முடிவதில்லை. போத்தலை வாங்கி உருக்கி மறுபயனாக்கும் வியாபாரிக்கு இந்த உறையால் ஒரு சதமும் இல்லை. பழைய சாமான்காரர் லயத்துக்கு வந்தால் இரும்பையும் போத்தலையும் காட்போட்டையும் எடுத்துப் போவார், பக்கட்டைத் தொடமாட்டார்.

நன்மைகளில் முதலில் சொல்லவேண்டியது பொருளின் பாதுகாப்பு. அப்புத்தளை, பூனாகலைப் பக்கத்து மூடுபனியிலும் ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மழையிலும், திறந்துவைத்த பால்மா கட்டிபிடிக்கும், மிளகாய்த்தூளில் பூஞ்சணம் படரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அடுப்புப் புகைக்கும் எலிக்கும் தப்பி ஒரு கிலோ சாமானை மாதம் முழுதும் வைத்துக்கொள்வது எளிதல்ல. அன்றன்று பிரிக்கும் பக்கட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஷம்பு பக்கட்டை வெட்டி, பாதியைப் பயன்படுத்தி, வாயை மடித்து உடுப்புக் கவ்வியால் கவ்வி யன்னல் கம்பியில் செருகி, மீதியை அடுத்த முழுக்குக்கு வைக்கும் பெண்கள் உண்டு. தொழிற்சாலை ஒருமுறைக்கு என்று அளந்ததை அவர்கள் இருமுறைக்கு ஆக்குகிறார்கள்.

இரண்டாவது நன்மை அளவில் நம்பிக்கை. உறைமேல் அச்சிட்ட நிறையும் அதியுச்ச சில்லறை விலையும் படிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு பிடிமானம். கூடுதலாக வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம்தருகிறது. தராசுத் தட்டில் நடந்ததை நிரூபிப்பது அதைவிடக் கடினம். மூன்றாவது நன்மையைப் பொருளியல் நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பதுளை நகரத்துப் பிள்ளை தலைக்குப் போடும் அதே ஷம்புவை மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள், தோட்டத்துப் பிள்ளை என்று பிரித்துப் பார்க்கப்பட்ட அனுபவம் இல்லாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி விலைக்கும் கடனுக்கும் வருவோம். கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், 2004இல் வெளிவந்த நூலில், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதித்து அவர்கள் கைக்கேற்ற சிறு அளவுகளில் விற்றால் நிறுவனமும் வாழும், ஏழையும் பயனடைவார் என்று வாதிட்டார். மற்றொரு மேலாண்மை அறிஞரான அனில் கர்னானி இதை மறுத்தார். கிராமுக்கான விலை குறையாதவரை பொதி சிறுத்ததால் பொருள் மலிந்துவிடவில்லை. காசைப் பிரித்துச் செலவழிக்க அது வசதி தருகிறது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். ஷம்புவைப் பொறுத்தவரை இந்தியாவில் போத்தலைவிடப் பக்கட்டில் மில்லிலீற்றர் விலை குறைவாக இருந்ததுண்டு. எல்லாப் பொருளுக்கும் அப்படியல்ல. இலங்கையில் 2022 மார்ச்சில் இறக்குமதிப் பால்மா 400 கிராம் பக்கட் 790 ரூபாவாகவும் ஒரு கிலோ பக்கட் 1,945 ரூபாவாகவும் உயர்ந்தன. 400 கிராம் கணக்கில் ஒரு கிலோ வாங்கினால் 1,975 ரூபா, அதாவது 30 ரூபா மட்டுமே கூட. கேட்கக் குறைவுதான். ஆனால் தோட்டத்தில் அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபா. கிலோ பக்கட் என்றால் ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு, 400 கிராம் என்றாலும் ஒரு நாளில் ஐந்தில் நான்கு பங்கு. அந்த மாதங்களில் நாட்டின் பல இடங்களில் கடைக்காரர்களே பக்கட்டை உடைத்து 50, 100 கிராமாகப் பிரித்து விற்றார்கள்.

தோட்டத்தைத் தனித்துப் பார்க்கவேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது. கடலூர் றிக்‌ஷாக்காரருக்கு அன்றன்று காசு கையில் விழும். அவருக்கு ஒரு நாள் பக்கட் பொருந்தும். தோட்டத் தொழிலாளிக்கோ பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) நாள்தோறும் விழுந்தாலும் சம்பளம் மாதம் ஒருமுறைதான், அடுத்த மாதம் 10ஆம் திகதியை ஒட்டி. இடையில் ஒரு முற்பணம். மாதச் சம்பளக்காரர் பெரிய பொதியாக வாங்கினால்தான் இலாபம் என்று கணக்குப் பாடம் சொல்லும். ஆனாலும் தோட்டக் கடையில் ஓடுவது சிறு பக்கட். காரணம் கடன் கொப்பி. சம்பளம் வந்த கையோடு போன மாதக் கடனும் பண்டிகை முற்பணக் கழிவும் போய்விட, மீதியில் பெரிய பொதி வாங்க இடமிருப்பதில்லை. மறுநாளே கொப்பியில் புதுப்பக்கம் தொடங்கும். வரட்சிக் காலத்தில் கொழுந்து குறைந்து முழுப்பேர் அரைப்பேராகும் நாட்களும் உண்டு. வரப்போகும் சம்பளம் எவ்வளவு என்று வீட்டுக்காரருக்கே தெரியாதபோது, கடைக்காரர் எப்படி ஒரு கிலோவைக் கடனாக நீட்டுவார்? முப்பது ரூபாப் பக்கட்டைத் தயங்காமல் கொடுப்பார். ஆகவே தோட்டத்தில் சிறு பக்கட் கடனின் அலகாகவே இயங்குகிறது. மாதமுடிவில் கட்டுவது மொத்தமாக, வாங்கியது சில்லறை விலையில். முப்பது நாள் சில்லறை விலையை ஒரே தவணையில் கட்டும் குடும்பத்துக்குப் பிரகலாத் சொன்ன நன்மை பாதிதான் கிட்டுகிறது.

மறுபுறமும் உண்டு. கொப்பியில் ஏறும் தொகை சிறிதாக இருப்பதால் கடன் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. வீட்டில் சாமான் குவியாததால் அது வீணாவதும் இரவல் போவதும் குறைகிறது. செலவைக் கையில் பிடித்து நடத்தும் பெண்களுக்கு இது உதவியே. 2019 குடும்ப வருமானச் செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை விகிதம் 14.3 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 33.8 வீதமாக இருந்தது. அத்தகைய குடும்பத்திடம் பெரிதாய் வாங்கு, மிச்சம் பிடி என்று சொல்வது அறிவுரையாகாது. குறை பக்கட்டின் அளவில் இல்லை, மாதத்தின் நடுவில் கையில் காசில்லாமல் செய்யும் சம்பள முறையில் இருக்கிறது.

அழகான உறைக்கு அதற்கே உரிய குறைகளும் உண்டு. மூலப்பொருள் விலை ஏறும்போது பக்கட்டின் விலையை ஏற்றாமல் உள்ளிருக்கும் கிராமைக் குறைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். உறையின் அகலமும் நிறமும் மாறாததால் வாங்குபவர் கண்ணில் அது படாது. முறுக்கு, சிப்ஸ் பக்கட்டுகளில் நொறுங்காமலிருக்க அடைக்கும் காற்று ஓரளவுக்கு நியாயமானது. அதற்குமேல் அது அளவைப் பெரிதாகக் காட்டும் தந்திரம். முகப்பில் படத்துக்கும் பெயருக்கும் தாராளமாக இடம்கொடுத்துவிட்டு, சேர்மானங்களையும் காலாவதித் திகதியையும் மூலையில் ஒதுக்கும்போது, வாசிக்கத் தெரிந்தவர்கூட வாசிக்க முடிவதில்லை. மும்மொழியில் எழுதவேண்டிய நாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் உறை தமிழ் எழுத்தைத்தான் முதலில் சிறிதாக்குகிறது. அவசரமாகத் திருத்தவேண்டிய குறை இது. பிள்ளைகளின் கையெட்டும் உயரத்தில் தொங்கும் இனிப்பு, உப்புத் தீனிகள் மத்தியானச் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததே. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இவ்வாறே வண்ணப் பக்கட்டுகளில் பரவியதால் வாய்ப்புற்றுநோய் ஆபத்து வளர்ந்தது. புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசு 2016 செப்டெம்பரில் தடைசெய்தது.

குப்பையின் கதை இன்னும் கடுமையானது. நகரத்தில் பிரித்த பக்கட் மாநகரசபை வண்டியில் ஏற வாய்ப்பாவது உண்டு. தோட்டத்தில் பல தலைமுறைகளாக அந்த வண்டி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குப் போட்டவர்களுக்கே சபையின் சேவை எட்டவில்லை. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியதால் லொறி உடனே லயத்துக்கு ஏறிவிடாது. பாதையும் ஆளும் பணமும் வேண்டும். அதுவரை உறைகளுக்கு மூன்றே வழி. அடுப்பில் போடலாம். போட்டால் புகை நிறைந்த காம்பராவில் நச்சுப்புகையும் சேரும், எரியாத உலோகப் படலம் சாம்பலில் மின்னிக்கொண்டு கிடக்கும். மரக்கறித் தோட்டத்தில் புதைக்கலாம். புதைத்தால் அடுத்த போகத்தில் மண்வெட்டியில் மாட்டும். லயத்துக் கானில் வீசலாம். மழைக்கு அது உருண்டு தேயிலை மலையின் கான்களை அடைக்கும், மீதி பதுளு ஓயாவிலும் கிளை ஓடைகளிலும் சேர்ந்து துன்ஹிந்த அருவியைத் தாண்டி மகாவலிக்குப் போகும். சாய்வு நிலத்தில் தண்ணீரை வடியவைக்கவே கான் வெட்டப்பட்டது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் புதைந்த லயங்களைக் கண்ட பதுளை மாவட்டத்தில், அடைபட்ட கானை வெறும் அசுத்தம் என்று மட்டும் கருத முடியாது.

அரசின் பதில் படிப்படியாக வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியான பின், அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான பொலித்தீனும் லஞ்ச் ஷீற்றும் தடையாயின. சிறு பக்கட்டை நேரடியாகத் தொட்டது 2021 ஜனவரி 21ஆம் திகதிய வர்த்தமானி. உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களை 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமும் அதற்குக் குறைவுமான சஷே பக்கட்டுகளில் அடைப்பது அவ்வாண்டு மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டது. நோக்கம் நல்லது, வடிவம் பலவீனமானது. உணவு விலக்களிக்கப்பட்டதால் லயத்துக் கானில் கிடக்கும் பிஸ்கட், முறுக்கு, சூப் கட்டி, மிளகாய்த்தூள் உறைகள் சட்டத்துக்கு வெளியே நின்றன. அளவையே அளவுகோலாக வைத்ததால் 21 மில்லிலீற்றர் உறை குற்றமற்றதாகிறது. ஒரு பன்னாட்டு நிறுவனம் 6 மில்லிலீற்றர் பக்கட்டுகள் நான்கைக் கிழித்துப் பிரிக்கக்கூடியபடி ஒட்டி விற்க முயன்றதாக அன்றைய அமைச்சர் மஹிந்த அமரவீர கூறியதை 2022 யூனில் ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. கணக்குப்படி 24 மில்லிலீற்றர், புழக்கத்தில் பழைய நான்கு உறை. மேலும் தடையின் சுமை முதலில் விழுவது சிறு காசோடு கடைக்கு வருபவர்மேல். உறையைச் செய்தவர் அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று அந்த வர்த்தமானி சொல்லவில்லை, வாங்குபவர் பெரிதாக வாங்கவேண்டும் என்றே விளைவில் சொன்னது. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி அவ்வகையில் மேலானது. பையை மறுக்க வாங்குபவருக்கு வழியுண்டு, வீட்டிலிருந்து உமல் கொண்டுவரலாம். பொருளோடு ஒட்டிப்பிறந்த உறையை மறுக்க வழியில்லை.

மாற்று வழிகளில் பழையபடி அளந்து விற்பதுதான் பலரும் முன்வைப்பது. சலவைத்தூளும் ஷம்புவும் பாத்திரம் கழுவும் திரவமும் பெரிய கலனில் வந்து, வாடிக்கையாளர் போத்தலில் நிரப்பப்பட்டால் உறை பெருமளவு மிச்சமாகும். தேங்காயெண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோன பழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆனால் கலனுக்குள் தண்ணீர் சேராது, அளவை குறையாது என்ற உறுதியைப் பக்கட்டின் ஒட்டு தந்ததைப்போல் வேறொன்று தரவேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவை, அளவைகளுக்கு முத்திரையிடும் திணைக்களம் உண்டு. அதன் பரிசோதகர் மலையேறி லயத்துக் கடைக்கு வரும்வரை மக்கள் பக்கட்டை விடமாட்டார்கள், விடச்சொல்வதும் நியாயமாகாது. மிளகாய்த்தூள், பால்மா போன்றவற்றுக்கு ஈரத்தைத் தடுக்கும் உறை எப்படியும் வேண்டும். அங்கே செய்யக்கூடியது, மூன்று பொருள் ஒட்டிய உறையை விட்டு ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த உறைக்கு மாறுவதும், அதைத் திரும்பப் பெறுவதும்.

திரும்பப் பெறுவதற்குத் தோட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. குப்பை வண்டி வராத லயத்துக்கும் சரக்கு லொறி வருகிறது. பதுளை மொத்தக் கடைகளிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் சாமான் இறக்கிவிட்டு அது வெறுமையாகத்தான் இறங்குகிறது. வெற்று உறைக்குக் கடன் கொப்பியில் ஒரு சிறு கழிவு கிடைக்குமென்றால் பிள்ளைகள் கானிலிருந்தே பொறுக்கிக் கொண்டுவருவார்கள். இது வெறும் கற்பனையல்ல, கடலூர் நிறுவனம் ஐந்துக்கு ஒன்று கொடுத்தபோது நடந்ததுதான். மொத்த வியாபாரி சேர்த்த மூட்டையை உற்பத்தியாளர் தம் செலவில் எடுத்துப்போய், மறுபயனாக்க முடியாததைச் சீமெந்துச் சூளை போன்ற இடத்தில் முறையாக எரிக்கவேண்டும். கழிவுத் தொகையும் ஏற்றுகூலியும் பக்கட்டின் விலையைச் சற்றுக் கூட்டலாம். அதை வாங்குபவர் தலையில் ஏற்றாமல் உற்பத்தியாளரின் விளம்பரச் செலவிலிருந்து எடுப்பதே முறை. இதற்கு வேண்டியது உணவுப் பக்கட்டையும் உள்ளடக்கிய, அளவைப் பாராமல் திரும்பப் பெறும் பொறுப்பை விதிக்கும் புதிய ஒழுங்குவிதி. அதோடு, திருத்திய 33ஆம் பிரிவைப் பயன்படுத்தி ஒவ்வொரு டிவிஷனிலும் சேகரிப்பு இடமொன்றை அமைக்கும் பொறுப்பைப் பதுளை மாவட்டப் பிரதேச சபைகள் ஏற்கவேண்டும்.